மெட்ரோலாக்கும் மெகாபிட்டும்

மலாக்கா கடற்கரையில் நின்றால் மற்றவர்களுக்கு மலாக்காவை நிறுவிய பரமேஸ்வரா நினைவுக்கு வருவார், போர்த்துகீசியர் கட்டிய கோட்டை நினைவுக்கு வரும். எனக்குக் கடலடியில் கிடக்கும் கம்பிவடம்தான் நினைவுக்கு வரும். சீ-மீ-வீ 4 என்று அதற்குப் பெயர். 2005 டிசம்பரில் தொடங்கி வைத்தார்கள். சிங்கப்பூரில் புறப்பட்டு, மலாக்காவில் கரையேறி, தாய்லாந்து, வங்காளதேசம், சென்னை, கொழும்பு, மும்பை என்று தொட்டுக்கொண்டே பிரான்சு வரைக்கும் போகிறது. மொத்தம் ஏறக்குறைய 18,800 கிலோமீட்டர். எங்கள் பாட்டி நாகப்பட்டினத்தில் கப்பலேறி, நாள் கணக்கில் வாந்தியும் மயக்கமுமாக வந்து இறங்கினார் என்று அம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன். அதே வங்காள விரிகுடாவுக்கு அடியில், சென்னைக்கும் மலாக்காவுக்கும் இடையே வடத்தின் நீளம் 3,000 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டாலும், ஒளி அதைக் கடக்க 15 மில்லிசெகண்டுதான் ஆகும். கண் சிமிட்டி முடிப்பதற்குள் பல தடவை போய் வந்துவிடும்.

போகிற வேகம் ஒன்று, போகிற அளவு இன்னொன்று. இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணிக் குழம்புகிறவர்கள் அதிகம். ஒளி எல்லா வடத்திலும் ஏறத்தாழ ஒரே வேகத்தில்தான் ஓடுகிறது. ஒரு வினாடியில் எத்தனை பிட் கடக்கிறது என்பதில்தான் வடத்துக்கு வடம் வித்தியாசம். சீ-மீ-வீ 4 வடத்தைத் திட்டமிட்டபோது கணக்கு இப்படி: இரண்டு ஜோடி இழை. ஒரு ஜோடியில் 64 ஒளி அலைகள். ஒவ்வோர் அலையிலும் வினாடிக்கு 10 ஜிகாபிட். இரண்டை அறுபத்து நாலால் பெருக்கி, பத்தால் பெருக்கினால் 1,280 ஜிகாபிட், அதாவது 1.28 டெராபிட். இதை எட்டால் வகுத்தால் வினாடிக்கு 160 ஜிகாபைட். இதையே தொலைபேசிக் கணக்கில் சொன்னால், ஒரே நேரத்தில் 2 கோடி பேர் பேசலாம். ஒரு பேச்சுக்கு 64 கிலோபிட் என்று வகுத்தால் அந்த 2 கோடி வரும்.

இந்த 64 கிலோபிட் என் மனசில் ஏறிய இடம் மலாக்கா மாநிலத்தில் ஒரு சின்ன டவுன். மலிவான கூரையும் கெட்டியான சுவரும் கொண்ட தொலைபேசி நிலையம். 1987 சனவரியில் தொலைத்தொடர்பு இலாகா கம்பெனியானது. அதற்குச் சில காலம் முன்னாடி நான் அங்கே சேர்ந்தேன். வெளியே வெயில் கொளுத்தும், உள்ளே கருவிகளுக்காகக் குளிரூட்டி எந்நேரமும் ஓடும். காலையில் உள்ளே நுழைந்தால் முதலில் தெரிவது கம்பி அடுக்கு. தரையிலிருந்து கைக்கு எட்டாத உயரம் வரை ஜோடி ஜோடியாகக் கம்பிகள். ஒவ்வொரு ஜோடியும் ஒரு வீடு, ஒரு கடை, ஒரு போலீஸ் ஸ்டேஷன், ஒரு தோட்டத்து ஆபீஸ். புதுக் கம்பியை அடுக்கின் பல்லில் வைத்துக் கருவியால் அழுத்தினால் "டக்" என்று ஒரு சத்தம் வரும். அதோடு ஒரு வீட்டுக்குத் தொலைபேசி வந்துவிட்டது என்று அர்த்தம்.

அங்கே எனக்கு வேலை கற்றுக்கொடுத்த மூத்தவர் தெபோங் பக்கம் தோட்டத்தில் பிறந்தவர். நான் அசகான் பக்கம். அதனாலேயே எங்களுக்குள் ஓர் ஒட்டுதல் உண்டாயிற்று. ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ரொட்டி சுற்றி வந்த காகிதத்தின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினார். "மனுசக் குரலை ஃபோன்ல 3,400 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் விடுறோம் தம்பி. அதைப் பிசகாம பிடிக்கணும்னா அதுக்கு ரெண்டு மடங்குக்கு மேல அளவு எடுக்கணும். வினாடிக்கு 8,000 தரம் எடுக்குறோம். ஒவ்வொரு தரமும் எட்டு பிட்டுல எழுதுறோம். எட்டாயிரத்தை எட்டால பெருக்கு." அறுபத்து நாலாயிரம். அதுதான் 64 கிலோபிட். ஆய கலைகள் எத்தனையோ அத்தனை என்று சொல்லிக்கொண்ட பிறகு எனக்கு அது மறக்கவே இல்லை.

அப்படிப்பட்ட 32 ஓடைகளைச் சேர்த்தால் 2,048 கிலோபிட், அதாவது 2.048 மெகாபிட். இதை ஈ-1 என்போம். முப்பத்திரண்டில் முப்பதுதான் பேச்சுக்கு. ஒன்று, இரு முனையும் தாளம் தப்பாமல் இருப்பதற்கு. இன்னொன்று, யார் யாரைக் கூப்பிடுகிறார், மணி அடிக்கிறதா, எடுத்தாரா, வைத்தாரா என்ற சேதிக்கு. அந்த ஈ-1 அறுபத்து மூன்று சேர்ந்தால் 155.52 மெகாபிட் கொண்ட எஸ்டிஎம்-1 என்ற பெரிய ஓடைக்குள் அடங்கும். "அறுபத்து மூணு, அறுபத்து மூவர். நாயன்மார் கணக்கு" என்பார் அந்த மூத்தவர். சிவன் கோயிலில் சுவரோரம் வரிசையாக நிற்கும் அடியார்களை எண்ணி வளர்ந்தவர்களுக்கு எஸ்டிஎம்-1 மனப்பாடம் ஆக வேறென்ன வேண்டும்? ஆனால் அவர் அடுத்துச் சொன்னதுதான் முக்கியம். "அறுபத்து மூணை 2.048 ஆல பெருக்கிப் பாரு." பெருக்கினேன். 129.024 வந்தது. 155.52 இல்லை. மீதி எங்கே என்று கேட்டேன். "அது பாரம் இல்ல, வண்டி" என்றார். மேலாண்மைக்கு, பிழை கண்டுபிடிப்பதற்கு, எது எங்கே இருக்கிறது என்று சுட்டுவதற்கு என்று அந்த ஓடையே தனக்கென்று எடுத்துக்கொள்கிற பங்கு அது. கம்பியில் ஓடுவது எல்லாம் நமக்கு வந்து சேர்வதில்லை.

எனக்கு இது புதுசாகத் தோன்றவில்லை. அம்மா ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்குப் போய், நெற்றி விளக்கோடு வேலைக்காட்டில் நிரை நிரையாக நடந்து, உளியால் பட்டையைச் சீவி, மங்கு மங்காகக் கவிழ்த்து எடுத்த பாலை வாளியில் சுமந்துகொண்டு மதியத்துக்கு முன்னால் பால் கொட்டகைக்கு வந்துவிடுவார். பள்ளி விடுமுறையில் நானும் பின்னால் போவேன். ஒட்டுப்பால் பொறுக்குவது என் வேலை. கொட்டகையில் அமோனியா நெடி மூக்கை அறுக்கும். வாளியை வரிசையில் வைத்துவிட்டு எல்லாரும் காத்திருப்பார்கள். பால் எவ்வளவு என்று அளப்பது ஒரு வேலை. அதில் ரப்பர் எவ்வளவு என்று பார்ப்பது இன்னொரு வேலை. இரண்டாவதற்குத்தான் மெட்ரோலாக்.

அதைக் கிட்டத்தில் பார்த்தவர்கள் இன்று குறைந்துவிட்டார்கள். அடியில் குண்டாக, மேலே மெல்லிய தண்டாக, தண்டில் கோடு கோடாக எண்கள் போட்ட ஒரு மிதவை. கிராணி கொஞ்சம் பாலை எடுத்து, தண்ணீர் கலந்து, நீளமான குவளையில் ஊற்றி, மெட்ரோலாக்கை மெதுவாக விடுவார். ரப்பர் தண்ணீரை விட லேசானது. அதனால் பால் கெட்டியாக இருந்தால் மிதவை ஆழமாக இறங்கும், தண்ணீர் கூடுதலாக இருந்தால் மேலேயே நின்றுவிடும். நுரையை ஊதித் தள்ளி, கண்ணைக் கோட்டுக்கு நேராக வைத்துப் பார்த்து, கலந்த தண்ணீருக்கு ஏற்பப் பெருக்கி, ஓர் எண்ணைச் சொல்வார். அந்த எண்ணில்தான் அன்றைய கூலி. மரத்தில் வடிந்த பாலில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூடுதலாக ரப்பர் இருந்தால் நல்ல பால். இருபது லிட்டர் பாலை இறக்கி வைத்தாலும் காய்ந்த ரப்பர் கணக்கில் ஏழு கிலோதான் ஏடேறும். மழை பெய்த மறுநாள் அதுவும் குறையும். அம்மா எதுவும் பேசமாட்டார். வாளியைக் கழுவிக்கொண்டே விரல்களை மடக்கி மனசுக்குள் பெருக்கிக்கொண்டிருப்பார். கிராணி ஏட்டில் எழுதுமுன் அவரிடம் விடை இருக்கும்.

பாலின் அளவு வேறு, ரப்பரின் அளவு வேறு என்று தெரிந்த அந்தப் பெண்களுக்கு மெகாபிட்டைப் புரியவைப்பது கஷ்டமே இல்லை. யாரும் உட்கார்ந்து சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அந்தக் காலத்தில் எங்களுக்கு அளவு மாற்றுவது தினசரிப் பாடம். கடையில் சீனியும் பருப்பும் கட்டிக் கணக்கில். பதினாறு தாஹில் ஒரு கட்டி, நூறு கட்டி ஒரு பிக்குல். 1972-இல் எடை அளவுச் சட்டம் வந்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கிலோ வந்தது. ஒரு கட்டி 605 கிராம் என்று தெரிந்த பெண்ணிடம் எந்தக் கடைக்காரரும் விலையில் விளையாட முடியாது. தெரியாதவர் வாய்விட்டுக் கேட்டார். கேட்க வெட்கப்பட்டவர்தான் இழந்தார்.

இணையம் எங்கள் பக்கம் தொலைபேசிக் கம்பி வழியாகத்தான் வந்தது. மோடத்தை இணைத்தால் கீச்சுக் கீச்சென்று கத்திவிட்டு, 56 கே என்று எழுதியிருந்த பெட்டி வேலையைத் தொடங்கும். 56 ஏன், 64 ஏன் இல்லை என்று பையன்கள் கேட்பார்கள். நிலையத்துக்குள் ஒவ்வொரு அளவையும் எட்டு பிட்டில் எழுதினாலும், வழியில் நடக்கும் மாற்றங்களில் ஒரு பிட்டை நம்ப முடியாது. ஏழு பிட்டை நம்பலாம். எட்டாயிரத்தை ஏழால் பெருக்கினால் 56,000. மோடத்தின் வேகம் தொலைபேசிப் பேச்சின் வேகத்திலிருந்தே பிறந்தது. அந்த 56-ம் முழுசாகக் கிடைத்த வீட்டை நான் பார்த்ததில்லை. கம்பி பழசாக இருந்தால், நிலையத்திலிருந்து தூரமாக இருந்தால் இறங்கிக்கொண்டே போகும்.

பாட்டுக் கணக்கில் சொன்னால் இளசுகளுக்கு உடனே பிடிபடும். ஐந்து நிமிடச் சினிமாப் பாட்டு. வினாடிக்கு 128 கிலோபிட் என்ற தரத்தில் பதிந்தது. 128-ஐ 300 வினாடியால் பெருக்கி, எட்டால் வகுத்தால் 4,800 கிலோபைட், அதாவது 4.8 மெகாபைட். மோடம் நிஜத்தில் வினாடிக்கு 5 கிலோபைட் இறக்கினால் 960 வினாடி. பதினாறு நிமிடம். ஐந்து நிமிடப் பாட்டைக் கேட்க பதினாறு நிமிடக் காத்திருப்பு. நடுவில் யாராவது வீட்டுக்கு ஃபோன் போட்டால் முதலிலிருந்து. 2001-இல் ஸ்ட்ரீமிக்ஸ் என்ற அகண்ட அலைவரிசைச் சேவை வந்தது. 384 கிலோபிட் இணைப்பு என்றால் வினாடிக்கு 48 கிலோபைட். அதே பாட்டு நூறு வினாடியில் இறங்கியது. ஒரு மெகாபிட் என்றால் 125 கிலோபைட், நாற்பது வினாடிக்குள் முடிந்தது. 2010 மார்ச்சில் யூனிஃபை கண்ணாடி இழையில் 5, 10, 20 மெகாபிட் என்று கிள்ளான் பள்ளத்தாக்கில் தொடங்கியபோது அந்த ஐந்திலேயே பாட்டு எட்டு வினாடிக்குள் வந்துவிடும் என்று கணக்குப் போட்டுப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். மலாக்காவின் தோட்டப் பக்கத்துக்கு அதெல்லாம் எப்போது வரும் என்ற ஏக்கமும் கூடவே இருந்தது.

அந்த ஏக்கத்துக்குக் காரணம் உண்டு. செப்புக் கம்பியில் அகண்ட அலைவரிசை ஓட வேண்டுமானால் நிலையத்திலிருந்து வீடு கிட்டத்தில் இருக்க வேண்டும். ஐந்து கிலோமீட்டரைத் தாண்டினால் பெரும்பாலும் ஒன்றும் வராது. தோட்டம் என்பதே டவுனிலிருந்து தள்ளி, மெயின் ரோட்டிலிருந்து செம்மண் பாதையில் உள்ளே போய், மரங்களுக்கு நடுவே லயம் லயமாக இருப்பது. நிலையத்திலிருந்து கம்பி ஆபீசுக்கும் துரை பங்களாவுக்கும் போயிருக்கும். லயத்துக்குப் போயிருக்காது. அதோடு செப்புத் திருட்டு. ஒரே இரவில் கம்பத்துக்குக் கம்பம் வெட்டிக்கொண்டு போய்விடுவார்கள். காலையில் போய் நின்றால் அறுந்த நுனிகள் மட்டும் தொங்கும்.

எங்கள் தோட்டத்திலும் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. ஆட்கள் குறைந்தார்கள். பெரும்பாலோர் ஜாசின், டுரியான் துங்கால், அலோர் காஜா பக்கம் தாமான் வீடுகளுக்குப் போய்விட்டார்கள். பெண்பிள்ளைகள் பலர் அதற்கு முன்பே பத்து பெரெண்டாம் பேக்டரி பஸ்ஸில் ஏறியிருந்தார்கள். 1973-லேயே சீமென்ஸ் அங்கே குறைக்கடத்தித் தொழிற்சாலை தொடங்கியது, இன்று அது இன்ஃபினியன். விடியக்காலை இருட்டில் செம்மண் ரோட்டு முனையில் பஸ்ஸுக்கு நின்ற எங்கள் அக்காமார், நாள் முழுக்க உருப்பெருக்கியில் கண் வைத்துத் தலைமயிரை விட மெல்லிய கம்பியைச் சில்லில் ஒட்டினார்கள். உலகம் முழுக்க ஓடுகிற பிட்டுகளில் எத்தனை அவர்கள் கைபட்ட சில்லைக் கடந்து போயிருக்கும்! அவர்களுடைய வரலாற்றை யாராவது உட்கார்ந்து எழுத வேண்டும்.

அவர்களில் ஒருவர், அம்மாவோடு கொஞ்ச காலம் பால் வெட்டிவிட்டுப் பிறகு பேக்டரிக்குப் போனவர், ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார். மகன் வற்புறுத்தி வீட்டுக்கு நூறு மெகாபிட் இணைப்பு எடுத்திருந்தார்கள். கணினியில் எதையோ இறக்கிக்கொண்டிருந்தான். திரையின் மூலையில் 11.8 என்று காட்டியது.

"நூறு நூறுன்னு சொல்லிக் கையெழுத்து வாங்குனாங்க தம்பி. இங்க வந்து பாரு, பன்னெண்டு கூட ஓடல. மாசா மாசம் முழுக் காசு கட்டுறோம். நம்மள ஏமாத்துறாங்களா?"

"இல்லக்கா. அவங்க பிட்டுல சொல்றாங்க, கம்ப்யூட்டர் பைட்டுல காட்டுது. எட்டு பிட்டு ஒரு பைட்டு. நூறை எட்டால வகுத்தா பன்னெண்டரை."

"அப்பவும் பன்னெண்டரை வரலியே."

நல்ல கேள்வி. அதற்கும் காரணம் உண்டு. இணையத்தில் செய்தி மூட்டை மூட்டையாகப் போகிறது. கம்பியில் ஒரு மூட்டை பிடிக்கிற இடம் 1,538 பைட். அதில் நம்முடைய சரக்கு 1,460 பைட். மற்றதெல்லாம் முகவரி, வரிசை எண், பிழை பார்க்கும் எண், மூட்டைக்கும் மூட்டைக்கும் நடுவில் விட வேண்டிய இடைவெளி. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்குக்குச் சற்றுக் குறைவாகத்தான் நமக்கு. பன்னிரண்டரையில் அந்தப் பங்கை எடுத்தால் 11.8 சொச்சம். திரை சரியாகத்தான் காட்டியது. அந்த இணைப்பில் ஒரு குறையும் இல்லை. அக்காவிடம் இதை இத்தனை எண்களோடு சொல்லவில்லை. "மெட்ரோலாக் ஞாபகம் இருக்காக்கா? வாளி நிறைய பால் இருந்தாலும் கிராணி என்ன எழுதுவாரு?" என்றேன். கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார்.

"அப்ப விக்கிறவங்க தண்ணியக் கழிச்சிட்டே சொல்லியிருக்கலாம்ல?"

இத்தனை வருடத் தொழிலில் நான் கேட்ட விமர்சனங்களில் இதைவிடச் சரியானது வேறில்லை. பிட்டில் சொல்வது தொலைத்தொடர்பில் நெடுங்கால வழக்கம். கம்பியில் ஒன்றன்பின் ஒன்றாகப் போவது பிட்டுதான், அதை எண்ணுவது பொறியாளருக்கு நியாயம். ஆனால் வாங்குகிறவர் பார்க்கிற கோப்பு, படம், மாதக் கோட்டா எல்லாம் பைட்டில் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சடிக்க ஒரு வரி இடம் போதும். "100 மெகாபிட், வினாடிக்கு ஏறக்குறைய 12 மெகாபைட்" என்று விளம்பரத்தில் போடுவதில் யாருக்கும் நஷ்டமில்லை. போட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தமிழில் எழுதுகிறவர்களும் எம்பி என்று சுருக்காமல் மெகாபிட், மெகாபைட் என்று முழுசாக எழுத வேண்டும். ஆங்கிலத்தில் பிட்டுக்குச் சின்ன பி, பைட்டுக்குப் பெரிய பி. அந்த வேறுபாடு நம் எழுத்தில் கிடையாது.

குழப்பம் தரும் இடம் இன்னொன்றும் இருக்கிறது. மல்டிமீடியா பல்கலைக்கழகத்தில் படித்த அண்ணன் மகள் ஒருமுறை கேட்டாள். 1996-இல் தெலிகோம் பல்கலைக்கழகம் என்ற பெயரில் மலாக்காவில் தொடங்கியது அது. தோட்டத்துப் பிள்ளைகள் ஆயர் குரோவுக்கு மோட்டாரில் போய் அலைவரிசைக் கணக்குப் படிக்கும் காலம் வந்ததில் எனக்குத் தனி மகிழ்ச்சி. "கிலோன்னா ஆயிரமா, ஆயிரத்து இருபத்து நாலா சித்தப்பா? ஒவ்வொரு புத்தகத்துல ஒவ்வொரு மாதிரி இருக்கே." ஓடுகிற வேகத்துக்கு எப்போதும் ஆயிரம். ஒரு கிலோபிட் ஆயிரம் பிட், ஒரு மெகாபிட் பத்து லட்சம் பிட். நினைவகம் இரண்டின் அடுக்குகளில் கட்டப்படுவதால் அங்கே 1,024 என்ற பழக்கம் புகுந்தது. இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1998-இல் அனைத்துலக மின்தொழில்நுட்ப ஆணையம் 1,024 கணக்குக்குக் கிபி, மெபி, கிபி என்று தமிழ் எழுத்தில் ஒன்றையொன்று இடிக்கும் தனிப் பெயர்களை வைத்தது. கடைத்தெருவுக்கு அவை வரவேயில்லை. கிலோவில் இரண்டரை சதவீதம் கூட இல்லாத இடைவெளி, மெகாவில் ஐந்தை நெருங்குகிறது, ஜிகாவில் ஏழரையை நெருங்குகிறது, டெராவில் பத்துக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. எண் பெருகப் பெருக வித்தியாசமும் பெருகும்.

2020-ஐ நினைத்தால் இந்தக் கணக்கெல்லாம் வேறு முகம் கொள்கிறது. மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை. பள்ளிகள் மூடின. பாடம் கைப்பேசிக்குள் போயிற்று. ஏப்ரல் 1 முதல் காலை எட்டு மணியிலிருந்து மாலை ஆறு மணிவரை பயன்படுத்தத் தினமும் ஒரு ஜிகாபைட் இலவசம் என்று அறிவித்தார்கள். கேட்கப் பெரிசாக இருந்தது. நான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். காணொளி வகுப்பு வினாடிக்கு ஒரு மெகாபிட் எடுத்தால் 125 கிலோபைட். நாற்பது நிமிடம் என்பது 2,400 வினாடி. பெருக்கினால் 300 மெகாபைட். ஒரு ஜிகாபைட்டில் மூன்று வகுப்பு, மேலே கொஞ்சம். ஒரே கைப்பேசியில் மூன்று பிள்ளைகள் படிக்கிற வீட்டில் தலைக்கு ஒரு வகுப்பு. இலவசமாக வந்தது உதவிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஒரு ஜிகாபைட் எத்தனை பாடம் என்று பெற்றோருக்கு யாரும் மாற்றிச் சொல்லவில்லை. பிள்ளை காலையில் ஒரு படம் பார்த்துவிட்டால் மதிய வகுப்பு போச்சு என்பது வகுப்பு அறுந்த பிறகுதான் தெரிந்தது.

கோட்டா தீர்ந்தால் என்ன ஆகும்? பல திட்டங்களில் இணைப்பு அறுவதில்லை, வேகம் இறங்கும். 64 கிலோபிட்டுக்கு இறக்கும் திட்டங்கள் இருந்தன. அந்த எண்ணைக் கைப்பேசித் திட்டத்தின் பொடி எழுத்தில் பார்த்தபோது எனக்கு நெஞ்சு ஒரு கணம் நின்றது. குளிரூட்டி அறையில் ரொட்டிக் காகிதத்தில் எழுதிப் படித்த அதே 64. ஒருவர் பேச, ஒருவர் கேட்க அது தாராளம். வினாடிக்கு 8 கிலோபைட். ஆசிரியர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் 10 மெகாபைட் காணொளி அதில் இறங்க 1,250 வினாடி, இருபது நிமிடத்துக்கு மேல். முப்பது பிள்ளைகளின் முகத்தை அதில் காட்ட முடியாது. "அன்லிமிடெட்" என்று பெரிய எழுத்தில் இருப்பது அளவைப் பற்றியது. வேகத்தைப் பற்றிய எண் கீழே சின்னதாக இருக்கும். அதைப் படிக்காமல் கையெழுத்துப் போட்ட தாய்மாரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அந்த எண் எதைக் குறிக்கிறது என்று யார் அவர்களுக்குச் சொன்னார்கள்?

அதே ஆண்டு ஜெண்டேலா என்ற தேசியத் திட்டம் வந்தது. 2021 முடிவில் மூன்றாம் தலைமுறை வலையமைப்பை மூடி, கைப்பேசி வேகத்தைச் சராசரி 35 மெகாபிட்டுக்கு உயர்த்துவது என்று இலக்கு வைத்தார்கள். 2023-இல் வசதி குறைந்தவர்களுக்காக ஒற்றுமைத் தொகுப்பு என்று மாதம் 69 வெள்ளிக்கு 30 மெகாபிட் இணைப்பு அறிவிக்கப்பட்டது. முப்பதை எட்டால் வகுத்தால் 3.75 மெகாபைட். நம் ஐந்து நிமிடப் பாட்டு ஒன்றரை வினாடிக்குள் வந்துவிடும். காணொளி வகுப்பு மூன்று ஒரே நேரத்தில் நடந்தாலும் பாதி கூடச் செலவாகாது. ஒரு சராசரிக் குடும்பத்துக்கு இது போதும் என்று நான் தைரியமாகச் சொல்வேன். நூறு, முந்நூறு, ஐந்நூறு என்று விற்க வருகிறவர்கள் வருவார்கள். வீட்டில் எத்தனை பேர், என்ன செய்கிறார்கள் என்று கூட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

கடலடிக்குத் திரும்பிப் போனால், 2016 டிசம்பரில் சீ-மீ-வீ 5 முடிந்தது. அதுவும் மலாக்காவில் கரையேறுகிறது, இலங்கையில் மாத்தறையில். அதன் திட்ட அளவு 24 டெராபிட். முன்னதைப் போல ஏறக்குறைய பத்தொன்பது மடங்கு. 1870-இல் மதராசிலிருந்து பினாங்குக்கு முதல் தந்திவடம் போட்டார்கள். அதில் நிமிடத்துக்கு இருபது சொல் போயிற்று என்று வைத்துக்கொள்வோம். ஒரு சொல்லுக்கு இடைவெளியோடு ஆறு எழுத்து, எழுத்துக்கு ஐந்து பிட். நிமிடத்துக்கு 600 பிட், வினாடிக்கு 10 பிட். வெறும் பத்து. தோட்டத்துக்கு ஆள் வேண்டும் என்ற சேதியும் ரப்பர் விலையும் அந்தப் பத்து பிட்டில்தான் விரிகுடாவைத் தாண்டின. 1896-இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் மலாயாவின் முதல் ரப்பர்த் தோட்டம் போட்ட காலத்திலும் தந்திதான். பத்தில் தொடங்கி இருபத்து நாலு லட்சம் கோடி வரை வந்திருக்கிறது. கடற்கரையில் இறங்கும் அந்த வெள்ளத்துக்கும் அசகான் பக்கம் ஒரு வீட்டுத் திரையில் சுற்றிக்கொண்டே நிற்கும் வட்டத்துக்கும் நடுவில் முப்பது நாற்பது கிலோமீட்டர்தான். அந்தக் கடைசித் தூரத்துக்குத்தான் நாம் காசு கட்டுகிறோம், அந்தக் கடைசித் தூரத்தில்தான் குறையும் இருக்கிறது.

தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். கிராமைக் கிலோவாகவும், மில்லிலிட்டரை லிட்டராகவும் மாற்றப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறீர்கள். அதோடு பிட்டையும் பைட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து இணையக் கட்டண பில்லை எடுத்துவரச் சொல்லுங்கள். அதில் உள்ள எண் வேகமா அளவா, பிட்டா பைட்டா, வினாடிக்கா மாசத்துக்கா என்று எழுதச் சொல்லுங்கள். பிறகு எட்டால் வகுக்கச் சொல்லி, விடையை அன்று மாலையே அம்மாவிடம் விளக்கச் சொல்லுங்கள். ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைக்கு அது ஒரு பாட நேரத்து வேலை.